நத்தார் இரவும் விபுலாநந்த அடிகளும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கரையோரத்தில் மழை ஓய்வதில்லை. மேற்கே வயல்வெளியெங்கும் பெரும்போக வேளாண்மை பசுமை விரித்து நிற்கும்; கிழக்கே கடல் கொந்தளிக்க, மீனவர் தோணிகள் கரையேறிக் கிடக்கும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றன் எல்லை மற்றொன்றிற் கலந்து கிடக்கும் இவ்வூர்களில், அந்நாட்களின் வைகறையிலே சுபஹுத் தொழுகைக்கான பாங்கொலியும் திருவெம்பாவைப் பூசைக்கான சங்கொலியும் ஒன்றையொன்று தொடர்ந்து கேட்கும். மாதம் சற்றே முதிர்ந்ததும் மூன்றாவதாக ஓர் ஒலி அவற்றோடு சேர்வதுண்டு. அது நத்தார்க் கீதம் பாடி வீடு வீடாகச் செல்லும் வேதக்காரப் பிள்ளைகளின் குரல். முதலிரண்டு ஒலிகளும் ஒலிபெருக்கியின் துணையால் முன்னிலும் உரத்துக் கேட்கின்றன. மூன்றாவது ஒலியோ ஆண்டுக்காண்டு மெலிந்து, இன்று பெரும்பாலும் கோயில் மதிலுக்குள் அடங்கிவிட்டது.

வேதக்காரர் என்பது கிறிஸ்தவரைக் குறிக்க எங்கள் மூத்தோர் வழங்கிய சொல். அதில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. நத்தார் என்ற சொல்லும் அவ்வாறே எங்களுடையதாகிவிட்டது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் மேசையும் அலுமாரியும் வீட்டுக்குள் வந்து தங்கியதுபோல இதுவும் வந்து தங்கிற்று. மெதடிஸ்தரும் கத்தோலிக்கருமாக வேதக்காரர் இப்பகுதியில் என்றும் சிறு தொகையினரே. ஆயினும் நத்தார் அவர்களின் வீட்டுப் பண்டிகையாக மட்டும் இருந்ததில்லை. கல்முனைக் கடைத்தெருவில் வாழ்த்து மடல்கள் கயிற்றிலே தொங்கும். தபாற்காரரின் பை கனக்கும். முஸ்லிம் வர்த்தகரும் சைவ உபாத்தியாயரும் தம் வேதக்கார நண்பரின் வீடு சென்று வாழ்த்துக் கூறி, கேக்குத் துண்டு உண்டு மீள்வர். பெருநாளன்று அந்த வீட்டார் வட்டிலப்பம் உண்ண இவர்களிடம் வருவர்.

இன்று மடல் ஒழிந்தது. அதைத் தொலைபேசி விழுங்கிவிட்டது என்று கூறி அமையலாம். ஆனால் வாழ்த்தே ஒழிந்துவருவதற்குத் தொலைபேசி காரணமாகாது. வாழ்த்துவது தகுமா என்னும் ஐயம் படித்த இளைஞர் உள்ளத்திலே புகுந்திருக்கிறது. என்னிடம் தமிழ் கற்று, இப்போது தாமும் ஆசிரியராயிருக்கும் முஸ்லிம் இளைஞர் சிலர் இதுபற்றி என்னை வினவியதுண்டு. ஈஸா நபியின் பிறப்பைக் கூறும் திருக்குர்ஆன் அத்தியாயம் அவர்தம் தாயாராகிய மர்யமின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் இறைமகனா என்பதிலேதான் நமக்கும் வேதக்காரர்க்கும் வேறுபாடு. போற்றத்தக்கவரா என்பதில் அன்று. இதற்கு மேல் மார்க்கத் தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்லேன். தமிழாசிரியன் என்ற முறையில், எங்கள் கரையிலே பிறந்து நூலாலும் தொண்டாலும் உலகறிந்த ஒருவரின் வாழ்க்கையை அவ்விளைஞர் முன் வைக்கலாம். அவர் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள்.

அடிகளாரை யாழ்நூல் ஆசிரியராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் தமிழுலகம் நன்கறியும். அப்பணிகளைப் பற்றிப் பலர் விரிவாக எழுதிவிட்டனர். அவரது வாழ்வில் நத்தாருக்கு இருந்த தொடர்பை எவரும் தனியே எடுத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஓர் இந்துத் துறவிக்கு நத்தாரோடு என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். அத்தொடர்பு இருமுறை நேர்ந்தது. ஒன்று பிறர் தந்தது, மற்றது அவர் தாமே தேடிச் சென்று பெற்றது.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சாமித்தம்பி என்பார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன். இதுவே அடிகளாரின் பிள்ளைப் பெயர். காரைதீவு கண்ணகி வழிபாட்டுக்குப் பேர்பெற்ற ஊர். பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பண்டை யாழின் இலக்கணத்தைத் தேடிய பேரறிஞர், கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் ஊரிலே வளர்ந்தவர் என்பது தற்செயலன்று. குஞ்சித்தம்பி உபாத்தியாயரிடம் எழுத்தறிவும், வைத்திலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் பயின்ற சிறுவனுக்கு ஆங்கிலமும் கற்பிக்கப் பெற்றோர் விரும்பினர். அக்காலத்தில் எங்கள் பகுதியில் ஆங்கிலம் கற்க விரும்பியவன் மிஷன் பாடசாலையின் படியை மிதித்தே ஆகவேண்டும். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, பாடசாலைகளைத் தொடக்கி, ஓராண்டு நிறையுமுன் 1815இல் அங்கேயே மாண்டார். அவர் ஊன்றிய வித்து நூற்றாண்டு கழியுமுன் கல்முனைவரை கிளைத்திருந்தது. அக்கிளையாகிய கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில், இன்று உவெஸ்லி உயர்தரப் பாடசாலை எனப்படுவதில், மயில்வாகனன் சேர்க்கப்பட்டான்.

காரைதீவிலிருந்து கல்முனைப் பட்டினம் ஏறத்தாழ மூன்று மைல். கண்ணகியம்மன் கோயிலுள்ள ஊரிலிருந்து புறப்படும் பிள்ளை மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் கடந்தே மிஷன் பாடசாலையை அடைதல் வேண்டும். வழியெல்லாம் பள்ளிவாசல்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுவது இக்கரையின் பழைய விழாக்களுள் ஒன்று. (அக்கொடியேற்றமும் தகுமா என்று இன்று எங்களுக்குள்ளேயே வினா எழுந்திருக்கிறது. நத்தார் வாழ்த்தைப் பற்றி ஐயுறுவோரும் கொடியேற்றத்தைப் பற்றி ஐயுறுவோரும் பெரும்பாலும் ஒருவரே.) பின்னாளில் எல்லாச் சமயத்தாரோடும் அடிகள் கூச்சமின்றிப் பழகினார் என்று வியப்போர் இம்மூன்று மைல் வீதியை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்றார். அது இயேசு சபைத் துறவிகள் நடத்திய கத்தோலிக்கக் கல்லூரி. அங்கே பயின்று, பதினாறாம் வயதில், 1908இல், கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையில் தேறினார். கற்ற கல்லூரியிலேயே கற்பிக்கவும் தொடங்கினார். 1911இல் கொழும்பு சென்று ஆசிரியப் பயிற்சி பெற்று மீண்டும் மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். பின்னர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அதுவும் கத்தோலிக்கத் துறவிகளின் கல்லூரியே. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையை ஏற்கும்வரை, கொழும்பிற் கழிந்த ஆண்டுகள் நீங்கலாக, இளமை முழுவதும் கிறிஸ்தவக் கலாசாலைகளின் கூரையின் கீழேயே கழிந்தது.

அக்கலாசாலைகளில் நத்தார் என்பது நாட்காட்டியின் நடுநாயகம். தவணை முடிவதும், விடுமுறை தொடங்குவதும், பாட்டும் பரிசும் நாடகமும் எல்லாம் அதனையொட்டியே. கச்சேரியும் நீதிமன்றமும் தபாற்கந்தோரும் அன்று பூட்டப்படும். ஆளுகின்றவரின் பண்டிகை அது. ஆசிரியர் வாழ்த்தினால் மாணவர் எழுந்து நின்று வாழ்த்துவர். அவ்வாறு வாழ்த்திய சைவப் பிள்ளையின் நெஞ்சில் அன்பு இருந்திருக்கலாம், அச்சமும் இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஞானஸ்நானம் பெற்றால் உத்தியோகம் எளிது என்ற எண்ணம் நாட்டிலே பரவியிருந்த காலம் அது. மயில்வாகனனார் அந்த இழுப்புக்கு இணங்கவில்லை. ஆசிரியர்களை வெறுக்கவுமில்லை; அவர்களிடம் பெற்ற விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கில இலக்கியத்தையும் வாழ்நாள் முழுவதும் பயன்கொண்டார். 1926இல் வெளியான மதங்க சூளாமணியிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்ததும், யாழ்நூலிலே நரம்புகளின் நீளத்தைக் கணக்கிட்டதும் அப்பயிற்சியின் விளைவுகளே.

1922இல் தலைமைப் பதவியைத் துறந்து சென்னை சென்றார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டார். ஏறத்தாழ முப்பது வயது. பட்டமும் பதவியும் உண்டு. ஊரிலே மதிப்பும் உண்டு. அனைத்தையும் விட்டு அவர் புகுந்த சங்கத்தின் தோற்றத்தை இங்கே சற்று விரித்துரைப்பது அவசியம்.

இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886 ஆகஸ்டில் மறைந்தார். அவருடைய இளஞ்சீடர்கள் செய்வதறியாது கலங்கியிருந்தனர். சிலர் வீடு திரும்பினர்; சிலர் பாழடைந்ததொரு வாடகை வீட்டிலே கூடி வாழத் தலைப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுள் ஒருவரான பாபுராமின் தாயார் தம் மகனையும் நண்பரையும் வங்காளத்தின் ஆண்ட்பூர் என்னும் கிராமத்துக்கு அழைத்தார். ஓரிரவு முற்றத்திலே நெருப்பு மூட்டி அதனைச் சூழ்ந்து அவ்விளைஞர் தியானத்தில் அமர்ந்தனர். தியானம் கலைந்தபின், பின்னாளில் விவேகானந்தர் என்று உலகம் போற்றிய நரேந்திரர், இயேசுநாதரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். மாட்டுத் தொழுவத்திற் பிறந்தது முதல் சிலுவையில் மாண்டது வரையும், அவருக்குப்பின் சீடர்கள் எல்லாவற்றையும் துறந்து ஊரூராகச் சென்றதையும் எடுத்துரைத்தார். தலை சாய்க்க இடமற்ற அத்துறவை நாமும் மேற்கொள்வோம் என்று தோழரை வேண்டினார். அந்நெருப்பைச் சாட்சியாக வைத்து அனைவரும் துறவு பூணச் சூளுரைத்தனர். அவ்விரவு டிசம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முந்திய இரவு என்பது பிறகே அவர்களுக்கு நினைவு வந்தது.

வரலாற்றிலே எத்தனையோ தற்செயல்கள் நிகழ்ந்திருக்கின்றன. அவற்றுட் பலவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. இதனை அச்சங்கத்தார் பொருட்படுத்தினர். தம் சங்கத்தின் துறவு வாழ்வு கருக்கொண்ட இரவு என அதனைக் கொண்டு, ஆண்டுதோறும் நத்தார் இரவைத் தம் மடங்களிலே கொண்டாடி வருகின்றனர். மரியன்னையும் குழந்தையும் உள்ள படத்தை மலரால் அலங்கரித்து, பழமும் கேக்கும் படைத்து, பிறப்பின் வரலாற்றை வாசிப்பர், கீதமும் பாடுவர். இராமகிருஷ்ணர் 1866இல் இஸ்லாமிய நெறியிலே சிலநாள் நின்று வழிபட்டதையும், பின்னர் மரியன்னையின் படத்தைக் கண்டு கிறிஸ்துவின் தியானத்தில் ஆழ்ந்ததையும் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. விவேகானந்தர் யாத்திரையிலே கைக்கொண்டு திரிந்த நூல்கள் இரண்டு. ஒன்று பகவத்கீதை, மற்றது கத்தோலிக்கர் தமிழிலே கிறிஸ்துநாதர் அநுசாரம் என வழங்கும் தோமாஸ் கெம்பிஸின் நூல்.

ஆண்ட்பூர் நெருப்பைச் சூழ்ந்திருந்தவர்களுள் இருவர் நம் கதைக்கு உரியவர். சசி என்பவர் இராமகிருஷ்ணானந்தராகி 1897இல் சென்னை மடத்தை நிறுவினார். தாரக் என்பவர் சிவானந்தராகிச் சங்கத்தின் தலைவராக உயர்ந்தார். சசி நிறுவிய மடத்திலேதான் மயில்வாகனனார் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டுச் சித்திராப் பௌர்ணமியன்று அவருக்குத் துறவளித்து விபுலாநந்தர் என்னும் பெயர் சூட்டியவர் சிவானந்தர். ஆக, எங்கள் காரைதீவுப் பிள்ளைக்குக் காவியளித்த கை, முப்பத்தெட்டாண்டுகளுக்கு முன் ஒரு நத்தார் இரவிலே நெருப்பின்முன் சூளுரைத்த கை. மிஷன் பாடசாலையிலே ஆசிரியர் முன் எழுந்து நின்று வாழ்த்திய நத்தார், இப்போது அவருடைய சொந்த வீட்டின் பண்டிகையாயிற்று. திருவெம்பாவை ஓதும் அதே மார்கழியில், தமக்குரிய எதனையும் விட்டுக்கொடாமல், அதைக் கொண்டாடும் மரபுக்கு அவர் உரியவரானார்.

இங்கே ஒரு முரண்பாட்டை மறைக்காமற் கூறவேண்டும். 1925இல் இலங்கை மீண்ட அடிகள் இராமகிருஷ்ண மிஷனின் சார்பில் பாடசாலைகளை முகாமை செய்யும் பொறுப்பை ஏற்றார். கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் பாடசாலைகள் அவர் கைக்கு வந்தன, புதியனவும் எழுந்தன. கல்லடியிலே 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கித் தம் குருவின் பெயரை இட்டார். சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளை நாடாமல் தம் சமயச் சூழலிலேயே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கவேண்டும் என்பதே அவரது நோக்கம். அப்பாடசாலைகள் வளர வளர, மிஷன் பாடசாலையின் நத்தார் விழாவிலே பாட நின்ற சைவப் பிள்ளைகளின் தொகை குறைந்திருக்கவே வேண்டும். அவ்வகையில், நான் இக்கட்டுரையிலே வருந்துகின்ற தேய்வுக்கு அடிகளாரும் ஒரு காரணர் எனலாம்.

இதனாலேயே அவரைக் கிறிஸ்தவப் பகைவராகச் சித்திரிப்பவர் உண்டு. மறுபுறம், எல்லாச் சமயமும் ஒன்றென்று மழுப்பியவராகக் காட்டுவோரும் உண்டு. இரண்டும் பிழை என்பது என் கருத்து. அதிகாரத்தின் முன் எழுந்து நின்று கூறும் வாழ்த்தை அவர் கட்டிய பாடசாலைகள் தேவையற்றதாக்கின. தன் வீட்டிலே நின்றுகொண்டு அயலானை நோக்கிக் கூறும் வாழ்த்தை அவரது மடம் வளர்த்தது. முன்னது ஒழிந்ததற்காக நான் ஒருபோதும் வருந்தேன். பின்னதும் அதனோடு சேர்ந்து அள்ளுண்டு போகிறதே என்பதுதான் என் கவலை.

அது எவ்வாறு அள்ளுண்டது என்பதைச் சொல்ல அடிகளாரின் காலத்துக்கு அப்பாற் சிறிது செல்லவேண்டும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகள் போலவே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அரசிடம் சென்றன. பெயர்கள் நிலைத்தன, முகாமையாளர் நீங்கினர். எங்கள் பகுதியிலே நத்தாரைப் பொதுவிழாவாக்கியது பாடசாலையே, அத்தூண் சாய்ந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வார விடுமுறையாயின. வேதக்காரர் விடியற்காலையிற் கோயிலுக்குச் சென்றுவிட்டு வேலைக்கு ஓடிய ஆண்டுகள் அவை. ஞாயிறு மீண்டும் வந்தது. பழைய நிலை மீளவில்லை.

நத்தார்ப் பொதுக்கொண்டாட்டம் என்றென்றும் இருந்ததொன்று எனவும் எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் 1647இல் கிறிஸ்தவர்களின் பாராளுமன்றமே நத்தார்ப் பண்டிகையை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659இலிருந்து இருபதாண்டுகளுக்கு மேல், அதைக் கொண்டாடியவருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. வாழ்த்து மடல் 1843இல் இலண்டனிலே அச்சேறிய புதுவழக்கம். ஆகவே பண்டிகை சுருங்குவதும் விரிவதும் உலகத்துக்குப் புதிதன்று. எங்கள் கரையிலே அது சுருங்கியதற்குரிய காரணங்கள்தாம் கொடியவை.

போர்க்காலத்தில், 1985இல் காரைதீவிலும் 1990இல் கரையோரமெங்கும், அயலவர் அயலவரைக் கண்டு அஞ்சினர். அச்சிறுவன் நடந்த மூன்று மைல் வீதியிலே மாலையானால் ஒருவரும் நடக்கத் துணியாத நாட்கள் இருந்தன. அதன்பின் 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலை கடல் எழுந்து வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை முதல் நிந்தவூர் வரையும் அதற்கப்பாலும், பிள்ளைகளை இழக்காத தெரு அருமை. டிசம்பர் 26 எங்களுக்குத் துக்கநாளாயிற்று. மறுநாள் கபுறடிக்குச் செல்லவிருக்கும் முஸ்லிம் தாயிடமும், மடைவைத்து விளக்கேற்றவிருக்கும் சைவத் தாயிடமும் முதல்நாள் கீதம் பாடிச் செல்ல எந்த வேதக்காரப் பிள்ளைக்கு மனம் வரும்? பாட்டு அடங்கியதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். இதைப் பகை என்று கூறுவோர் எங்களை அறியாதவர்.

2005இல் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்திலே நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்திலும் வழிபட வந்தோர் குண்டுகளுக்கு இரையாயினர். அக்கொடுமையைச் செய்தோரின் கூட்டத்தினர் ஐந்து நாட்களின்பின் எங்கள் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் வளைக்கப்பட்டபோது, குழந்தைகள் உட்படத் தம்மையே வெடிவைத்து மாய்த்தனர். அவ்வீட்டைச் சூழ வாழ்ந்த மக்களுக்கும் அவர்களுக்கும் எவ்வுறவும் இல்லை. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் வேதக்கார நண்பரின் வாயிலிலே போய் நிற்க எங்களுட் பலருக்குக் கால் எழவில்லை. கோயில் வாசல்களில் ஆயுதந்தாங்கிய காவல் நின்றது. பையைச் சோதித்து உள்ளே விடும் பண்டிகைக்கு யார்தான் கேக்குத் துண்டை எதிர்பார்த்துச் செல்வார்? வாழ்த்த வேண்டியது எப்போதையும்விட அவசியமாயிருந்த ஆண்டிலேதான் வாழ்த்துக்கள் மிகக் குறைந்தன. மார்க்கத்தைக் காரணங்காட்டி என்னிடம் வினவிய இளைஞரின் ஐயத்துக்குள் இந்த வெட்கமும் மறைந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அவ்விளைஞர்க்கு அடிகளாரின் வாழ்க்கையில் இன்னுமொரு பகுதியையும் கூறுவதுண்டு. 1942இல், உலகப் போரின் உணவு நெருக்கடிக் காலத்தில், கல்முனையில் நிறுவப்பெற்ற கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்; யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இங்கே அவர் அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். சைவப் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு துறவி ஊரூராக அலைந்ததைக் கண்ட அவர், முஸ்லிம் பிள்ளைகளுக்காகவும் அத்தகைய முயற்சி வேண்டுமெனத் துணிந்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அக்காலத்தில் அவர் முயற்சியால் எழுந்தது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் தோன்றியது. எங்கள் ஊர்களின் முதற் பட்டதாரிகளுட் பலர் அவ்வழியே வந்தவர். மிஷனரிமார் மூட்டிய கல்வி விளக்கிலிருந்து அடிகள் தம் விளக்கை ஏற்றினார். அதிலிருந்து எங்கள் விளக்கு ஏற்றப்பட்டது. இவ்வரிசையிலே எவரும் தம் சமயத்தை இழந்துவிடவில்லை.

அடிகளாரின் எஞ்சிய வரலாற்றை விரைந்து கூறிவிடலாம். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். அங்கிருந்த காலத்தில் அயலிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததைப் பேராசிரியப் பதவியினும் பெரிதாக நான் மதிக்கிறேன். இமயத்திலுள்ள மாயாவதியிலே தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாசிகையை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் தளர்ந்திருந்தும் யாழ்நூலை முடிக்கும்வரை ஓயவில்லை. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் 1947 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் முயற்சியால் அரங்கேறியது.

அதன்பின் ஆறு வாரமே வாழ்ந்தார். 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே உயிர் நீத்தார், வயது ஐம்பத்தைந்து. உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லடியிலே அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அடக்கம் செய்யப்பட்டது. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவே கிடக்கும் மணல் நிலம் அது. வாவிக்கு அப்பாற் பட்டினத்திலே அவர் கற்றுக் கற்பித்த புனித மிக்கேல் கல்லூரி இருக்கிறது. 2019இலே குண்டு வெடித்த சியோன் தேவாலயமும் அப்பக்கத்தில்தான். கல்லடியிலே அவர் சார்ந்த சங்கத்தின் ஆச்சிரமம் இன்றும் நடைபெறுகிறது. டிசம்பர் 24ஆம் நாள் மாலை ஆராத்தி முடிந்தபின், மரியன்னை மடியிற் குழந்தை இருக்கும் படத்தின் முன் விளக்கேற்றி வைப்பது அச்சங்கத்து மடங்களின் மாறாத வழக்கம்.